சாமந்திக்குத் தெரியாத இருட்டு

பிறையைத் தலையில் சூடியவர் மலைமேல் இருக்கிற ஊரில்
பிறைகூட இல்லாத இரவாகப் பார்த்துக்
காலண்டரில் சுழித்து வைக்கிறேன்.
தை மாதம். ஓசூர். மூன்றாவது மாடி.
முனிரத்னம்மா எடுக்க மறந்த
ஈரப் போர்வைகளை ஓரம் தள்ளி
முக்காலியை நிறுத்துகிறேன்.

துருவ நட்சத்திரம் இங்கே ரொம்பத் தாழ்வு,
பன்னிரண்டு பாகை சொச்சம்.
தண்ணீர்த்தொட்டிக்கும் பெங்களூர் வெளிச்சத்துக்கும் நடுவே
நமுத்த தீக்குச்சி மாதிரி.
அதைப் பிடித்து அச்சைச் சரிசெய்வதற்குள்
இரண்டாம் ஷிப்ட் பஸ் போய்விடும்.

பகலில் எனக்கு மைக்ரான் வேலை.
சிப்காட்டில், ஏசி அறையில்,
கியர் பல்லைத் தொட்டுத் தொட்டு அளந்து
ஓகே, ரிஜெக்ட்.
இரவில்
திருவாதிரைக்குக் கிழக்கே ஒரு கைமுட்டி தள்ளி
கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தை
முந்நூறு வினாடி திறந்து வைப்பேன்.
மூடுவேன். திறப்பேன்.

எங்கள் வானத்துக்குக் கருப்பு கிடையாது.
வடித்த கஞ்சி நிறம்.
சோடியம் விளக்கு இருந்தவரை தப்பித்தேன்,
அது ஒரே மஞ்சள், ஃபில்டர் தடுத்துவிடும்.
மாநகராட்சி வெள்ளை எல்இடி போட்டது.
தெருவுக்கே சந்தோஷம்.
வெள்ளைக்குள் எல்லா நிறமும் இருக்கிறதே,
என் ஹைட்ரஜன் சிவப்பின் மேலேயே
வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அது போதாதென்று பாகலூர் ரோட்டில்
சின்னராஜப்பாவின் பசுமைக்குடில்.
பத்து மணிக்குப் பளிச்சென்று விடியும்.
இரண்டு மணி வரை பகல்.
போய்க் கேட்டேன், அமாவாசை ஒரு நாளைக்காவது என்று.

"சாமந்திக்கு இருட்டு தெரிஞ்சா மொட்டு விட்ருங்க மேடம்.
பங்குனி உத்திரத்துக்குத்தான் எனக்குப் பூ வேணும்.
முந்தி விட்டா குப்பைக்குத்தான் போவும்.
இன்னும் பத்து நாள்,
ராத்திரின்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு
அதை நம்ப வைக்கணும்."

டீ தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஏழாம் இரவு, பதினொன்று இருபதுக்கு
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
தெரு, எதிர் அபார்ட்மெண்ட், பசுமைக்குடில்
எல்லாம் ஒரே மூச்சில் போனது.
தலைக்கு மேலே
இந்த மாடியிலிருந்து நான் பார்த்தே இராத கூட்டம்.
ஆறு வருடம் காத்திருந்த வானம்!
குனிந்தால், மோட்டாரும் நின்றிருந்தது.
அதே கம்பியிலிருந்துதானே எனக்கும் கரண்ட்.
கேமரா மட்டும் லேப்டாப் பேட்டரியில் விழித்திருக்க
பூமி சுற்றுகிற வேகத்தில்
நட்சத்திரங்கள் கோடு இழுத்துக்கொண்டு போயின.
மாடிக்கு மாடி செல்போன் டார்ச்.
"உங்க வீட்லயும் போச்சா?"
"எல்லாருக்கும் போச்சு."
நாற்பது நிமிடம்.

நூற்றுப் பதினோரு படங்களை அடுக்கினேன்.
மூடி போட்டு எடுத்த இருபதைக் கழித்தேன்,
கேமராவின் சொந்த இருட்டு எப்படி என்று தெரிந்தால்தான்
வானத்தின் இருட்டை அதிலிருந்து பிரிக்க முடியும்.
கோடு விழுந்த அந்த ஒரு படத்தை
மென்பொருள் ரிஜெக்ட் என்றது.
நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.
அழிக்கவில்லை.

கஞ்சியை இறுத்து இறுத்து
கடைசியில் வந்தது, விளிம்பு சிவந்து, இதழ் இதழாக.
ரோஜா என்றுதான் அதற்குப் பெயரே.

சின்னராஜப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"நம்ம தாஜ்மகால் ரகம் போல இருக்கு. தண்டு எவ்ளோ?"
வெளிச்சம் நடந்து வர ஐயாயிரம் வருஷம் என்றேன்.
"கோல்டு ஸ்டோரேஜ் இல்லாமலா!"
இரண்டு விரலால் பெரிதாக்கினார்.
"நடுவுல ஓட்டை. புழு தின்னுருக்கு."
உள்ளே பிறந்த நட்சத்திரங்கள் ஊதித் தள்ளியது அது, என்றேன்.
"அதான் சொல்றேன். ஏ கிரேடு போவாது."
தன் போனுக்கு ஒன்று அனுப்பச் சொன்னார்.

அன்றைக்கும் பத்து மணிக்குப் பளிச்சென்று விடிந்தது.
நான் மூடியைக் கழற்றினேன்.